ஐந்நூற்று ஐம்பது இலை

சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்தில் நான் எடுத்த மேஜர் சமூகவியல், மைனர் புள்ளியியல். மேஜரைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மைனர் என்று சொன்னதும்தான் எல்லாருக்கும் வாய் வந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, "மைனரா? அப்ப ஒரு தங்கச் சங்கிலியும் சில்க் ஜிப்பாவும் வாங்கிக் குடுத்துடுவோம்லா" என்றார். அம்மா, "ஏன்டி, ஒண்ண ஒழுங்கா முழுசா படிக்கக்கூடாதா? அதுல கொஞ்சம் இதுல கொஞ்சமா?" என்றார். பஸ் ஓட்டுகிற அப்பா மட்டும், "அதுல என்னதான் சொல்லித் தருவாங்க?" என்று கேட்டார். "கொஞ்சம் பேரைக் கேட்டுட்டு எல்லாரையும் பத்திச் சொல்லலாம்பா" என்றேன். "நீ யாரையுமே கேக்காம சொல்ற ஆளாச்சே, உனக்கெதுக்கு அது?" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் தூக்கல்தான், அம்மா வைக்கும் ரசத்தில் மிளகு மாதிரி. புள்ளியியல் எனக்குப் பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம். சமூகவியல் வகுப்பில் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்வார்கள், ஒன்பதும் சரி என்பார்கள். புள்ளியியலில் ஒரே பதில். அதோடு, அந்தப் பதில் எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்பதையும் நாமே கூடச் சேர்த்துச் சொல்லிவிடலாம். தப்பையும் முன்கூட்டியே அளந்து வைத்துவிட்டால் அப்புறம் யார் நம்மை என்ன கேட்க முடியும்? கெட்டிக்காரர்களின் பாடம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மைனருக்கு ஐந்து பாடங்கள். நான்காவது பாடம், மாதிரி எடுப்பது பற்றியது. ஆயிரம் பேரில் நாற்பது பேரை எப்படிப் பொறுக்கிக் கேட்பது, கேட்டதை வைத்து ஆயிரத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று. விரிவுரையாளர் சன்னக் குரலில் பேசும் ஒரு பெண்மணி. முதல் நாளே அவர் சொன்னார்: "பட்டியலில் விட்டுப்போனவர்கள் உங்களைத் தேடி வந்து புகார் சொல்ல மாட்டார்கள். அதனால் எண்ணத் தொடங்குமுன் பட்டியலைச் சந்தேகப்படுங்கள்." நான் அதை அழகாக எழுதி வைத்தேன். பருவ நடுவில் வைத்த தேர்விலும் அந்தக் கேள்வியே வந்தது, முழு மதிப்பெண் வாங்கினேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

அந்தப் பருவத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஜூன் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேலாங் பக்கம் ஒரு கோயில் மண்டபம், காலையில் முகூர்த்தம், மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, எத்தனை இலைக்குச் சொல்வது என்ற பேச்சு வரும்வரை.

"எண்ணூறு" என்றார் அப்பா.

அப்பா எண்ணூறு என்றதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அவருடைய கல்யாணம் பிளாக்குக்குக் கீழே, தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தளமான வாய்ட் டெக்கில் நடந்தது. மூன்றாவது பந்தியில் சாப்பாடு தீர்ந்துவிட்டது. அம்மா பக்கத்துச் சொந்தக்காரர்கள் பலர் காப்பிக்கடையில் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இன்றைக்கும் ஏதாவது விசேஷம் என்றால் யாராவது ஒருவர், "மச்சான் கல்யாணத்துல நாங்க ரொட்டியில்ல சாப்பிட்டோம்" என்று ஆரம்பிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேச மாட்டார். தன் பெண் கல்யாணத்தில் அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை சிரிக்கக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

அக்காவின் கவலை வேறு. அவள் நர்ஸ், சோற்றை வீணாக்கினால் அவளுக்கு ஆகவே ஆகாது. போன வருஷம் ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில் இரண்டு அண்டா சாம்பாரும் ஒரு அண்டா சோறும் அப்படியே குப்பைத் தொட்டிக்குப் போனதைப் பார்த்துவிட்டு வந்து அழுதவள். "என் கல்யாணத்துல ஒரு கரண்டி சோறு குப்பைக்குப் போனாலும் மாலையக் கழட்டி வெச்சுட்டு வேலைக்குக் கிளம்பிடுவேன்" என்றாள். சொன்னால் செய்வாள்.

இரண்டு பேரும் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். மூன்றாம் நாள் நான் வாயைக் கொடுத்தேன். "இதுக்கு எதுக்குச் சண்டை? எத்தனை பேர் வருவாங்கன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன். நான் படிக்கிறதே அதுதான்."

அப்பா, "வெளாட்டு இல்லம்மா இது" என்றார்.

"தெரியும்பா."

அம்மா எழுதி வைத்திருந்த அழைப்புப் பட்டியலை வாங்கிக் கணினியில் ஏற்றினேன். எங்கள் பக்கமும் மாப்பிள்ளை பக்கமும் சேர்த்து முந்நூற்றுப் பத்து குடும்பங்கள். நேரில் போய்த் தட்டில் வைத்துக் கொடுத்தவர்கள், தபாலில் அனுப்பியவர்கள், வாட்ஸ்அப்பில் படம் மட்டும் போட்டவர்கள் என்று மூன்றாகப் பிரித்தேன். ஒவ்வொன்றிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மாதிரி, மொத்தம் நாற்பது குடும்பங்கள். பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தமாகச் செய்தேன். பொங்கோல் வீட்டில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன்.

நாற்பது குடும்பமும் வருவதாகச் சொன்னது.

"கண்டிப்பா வர்றோம்மா." "குடும்பத்தோட வர்றோம்." "இது என்ன கேள்வி, நம்ம வீட்டுக் கல்யாணம் இல்லையா?" ஒரு மாமி சொன்னார்: "அந்த வாரம் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் போறோம், டிக்கெட் போட்டாச்சு. ஆனா கண்டிப்பா வந்துடுவோம்!"

அம்மாவிடம் போய்ச் சொன்னதற்கு அவர் கீரை ஆய்ந்துகொண்டே, "பின்ன? நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டா வரலன்னு வாயால சொல்வாங்களா?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெர்த் மாமி பொய் சொல்லவில்லை. அவர் என்னை வாழ்த்தினார். நான்தான் அதைத் தகவல் என்று குறித்துக்கொண்டேன். மூக்குடைந்ததுதான். ஆனால் அதற்காக விட்டுவிடுகிற ஆளா நான்?

சரியாக அந்த வாரம் வகுப்பில், ஜனங்கள் சொல்லக் கூச்சப்படும் விஷயங்களை எப்படிக் கேட்பது என்று நடத்தினார்கள். தேர்வில் காப்பியடித்தாயா என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? அதற்கு ஒரு தந்திரம் உண்டு. கேட்பவர் கண்ணில் படாமல் ஒரு காசைச் சுண்டச் சொல்ல வேண்டும். தலை விழுந்தால் உண்மை எதுவாக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லிவிடலாம். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். தனியாக யார் எதற்காக ஆமாம் என்றார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மொத்தத்தில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுவிடலாம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நம் ஜனங்களுக்குக் காப்பியடித்ததைச் சொல்லக்கூட அவ்வளவு கூச்சமில்லை, கல்யாணத்துக்கு வரவில்லை என்பதைச் சொல்லத்தான் கூச்சம். இதுதான் மருந்து என்று முடிவு செய்து, முதல் ஆளாகத் தெம்பனிஸில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டேன்.

"சித்தி, கையில ஒரு காசு எடுத்துக்குங்க. எனக்குச் சொல்லாம சுண்டுங்க. தலை விழுந்தா வரலன்னு சொல்லுங்க. பூ விழுந்தா…"

"என்னடி சொல்றே?"

"வருவீங்களா மாட்டீங்களான்னு…"

"உங்கக்கா கல்யாணத்துக்கு வரலாமா வேணாமான்னு நான் காசு சுண்டிப் பாக்கணுமா? யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு? உங்கம்மாவா?"

அடுத்த பத்தாவது நிமிஷம் சித்தி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா முக்கால் மணி நேரம் சமாதானம் சொன்னார். பிறகு என் அறைக்கு வந்து, "இனிமே ஒருத்தருக்குப் போன் போட்டே, உன் கம்ப்யூட்டர மாடியிலேர்ந்து தூக்கி வீசிடுவேன்" என்றார். எங்கள் வீடு பதினான்காவது மாடியில்.

அன்றைக்குச் சித்தியைத் திட்டிக்கொண்டே படுத்துக் கிடந்தபோதுதான், நான் தேடியது எங்கே இருக்கிறது என்று தோன்றியது. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், "அந்தக் கல்யாணத்துக்கு அவங்க வந்தாங்களா?" என்று யாராவது கேட்டால் போதும், அம்மா அப்படியே ஒப்பிப்பார். கடைசியாக நடந்த மூன்று விசேஷங்களை எடுத்துக்கொண்டேன்: அக்காவின் நிச்சயதார்த்தம், பெரியப்பா மகன் கல்யாணம், மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம். பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படித்தேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார், மாப்பிள்ளை பக்கத்துக்கு நிச்சயதார்த்தத்தை வைத்து.

"வந்தாங்க, நாலு பேரு."

"வரல. தலைவலின்னாங்க. மறுநாள் தேக்கா மார்க்கெட்டுல பாத்தேன், நல்லாத்தான் மீன் வாங்கிட்டு இருந்தாங்க."

"அவரு மட்டும் வந்தாரு. அந்தம்மா வரல. ஏன் வரலன்னு எனக்குத் தெரியும்."

மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். ஒரு பெயரில்கூட அம்மா தடுமாறவில்லை. வந்தவர்கள் கொஞ்சம் மறந்தாலும் மறப்பார், வராதவர்களை அவர் மறந்ததே இல்லை. உலகத்தில் எந்த ஆய்வு நிறுவனத்திடமும் இப்படி ஒரு தரவு இருக்காது. அதற்கு மேல், அம்மாவின் கண்காணிப்பில், அதே நாற்பது வீட்டுக்கும் மறுபடி போன் போட்டேன். வருவீர்களா என்று மூச்சு விடவில்லை. "எதுல வர்றீங்க? மண்டபத்துல கார் நிறுத்த இடம் கம்மி, அதுக்குத்தான் கேக்குறேன்" என்றேன். வருகிறவர்கள், "பெரியவ கார் எடுத்துட்டு வரா, சின்னவளோட ட்யூஷன கேன்சல் பண்ணிட்டோம்" என்று ஒரு முழுத் திட்டமே சொன்னார்கள். வராதவர்கள், "அது பாத்துக்கலாம்லா" என்றார்கள். எனக்கு அது போதும்.

அம்மாவின் ஞாபகத்தையும் கார் நிறுத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். ஐந்நூற்று இருபது பேர், முப்பது முன்னே பின்னே.

அப்பா தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "முப்பது முன்னே பின்னேன்னா என்ன?"

"முப்பது பேர் கூட வரலாம், கொறைச்சலா வரலாம்."

"கூட வந்தா அந்த முப்பது பேரு எங்க சாப்பிடுவாங்க? காப்பிக்கடையிலயா?"

வகுப்பில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "அப்ப மேல இருக்குற எண்ணிக்கையவே சொல்லுங்கப்பா. ஐந்நூத்தி அம்பது" என்றேன். எண்ணூறு எங்கே, ஐந்நூற்று ஐம்பது எங்கே. அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் சிராங்கூன் ரோட்டுக்குப் பின் சந்தில் இருந்த சமையல்காரரிடம் அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் போனோம். "சொன்னதுக்கு மேல ஒரு இலைகூடப் போடாதீங்கண்ணே" என்று அக்கா கறாராகச் சொன்னாள். சமையல்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். "எம்பொண்ணு கணக்குப் போட்டிருக்கு. ஐந்நூத்தி அம்பது" என்றார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, "உன்ன நம்பித்தான் சொல்லியிருக்கேன்மா" என்று மட்டும் சொன்னார். நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று நான் பட்டுப்புடவையில், கையில் ஓர் எண்ணும் கருவியோடு பந்திக் கூடத்து வாசலில் நின்றேன். ஓர் ஆள் உள்ளே போனால் ஓர் அழுத்து. தேக்காவில் வாங்கியது, கட்டைவிரலால் அழுத்தினால் டிக்கென்று எண் மாறும். "என்னடி, அக்கா கல்யாணத்துல ஜபம் பண்றியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார் தெம்பனிஸ் சித்தி. வந்துவிட்டார். அவருக்கும் ஓர் அழுத்து.

பந்திக்கு நூற்று இருபது இலை. முதல் பந்தியில் மணமக்களும் சம்பந்தி வீட்டாரும் சாப்பிட்டார்கள். இரண்டாவது பந்தி நிறைந்தது. மண்டப வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்த அப்பா, அங்கிருந்தே என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். மூன்றாவது பந்திக்கு அவரே பந்திக் கூடத்துக்கு வந்துவிட்டார். வாசலில் நின்று, கடைசி இலைவரைக்கும் வடை விழுகிறதா, பாயசம் விழுகிறதா என்று பார்த்தார். விழுந்தது. பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாவது பந்தி பாதிதான் நிறைந்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. கருவியில் ஐந்நூற்று முப்பத்தாறு. நான் சொன்ன எல்லைக்குள், ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. மேடையில் இருந்த அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவள் மாலையோடு என்னைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பி வந்தால், நாதஸ்வரக்காரர்கள் நான்கு பேர் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே படம் எடுத்த மூன்று பேர், மேடை அலங்காரம் செய்த இரண்டு பேர், மண்டபம் கூட்டும் இரண்டு அம்மாக்கள். பழக்கத்தில் என் கட்டைவிரல் பதினொரு தடவை அழுத்தியது. ஐந்நூற்று நாற்பத்தேழு. பதினொன்றாவது அழுத்தில்தான் எனக்கு உறைத்தது. இவர்கள் யாருக்கும் நாங்கள் பத்திரிகை வைக்கவில்லையே. இவர்கள் என் பட்டியலில் இல்லையே.

அப்படியென்றால் வேறு யாரெல்லாம் இல்லை?

கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். காலை ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டிருந்த அப்பா, அம்மா. பரிமாற ஓடிக்கொண்டிருந்த மாமா வீட்டில் ஐந்து பேர், பெரியப்பா வீட்டில் ஆறு பேர். நான். வீட்டு ஆட்கள் எப்போதும் எல்லாருக்கும் கடைசியில்தான் உட்காருவோம். எங்கள் பெயரெல்லாம் பத்திரிகையிலேயே அச்சாகியிருந்தது, அடியில், தங்கள் வரவை நாடும் என்பதற்குக் கீழே. அழைக்கிறவர்களை யார் அழைப்பார்கள்? முந்நூற்றுப் பத்து குடும்பத்தைப் பெயர் பெயராகப் படித்தபோது என் வீட்டுப் பெயர் அதில் இல்லை என்று எனக்கும் தோன்றவில்லை, எதையும் மறக்காத என் அம்மாவுக்கும் தோன்றவில்லை. பட்டியலைச் சந்தேகப்படுங்கள் என்ற அந்தப் பாடத்துக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவள்.

சமையல்காரர் தோளில் துண்டோடு வந்தார். "இன்னும் எத்தனை பேரும்மா?"

"பதினாலு" என்றேன்.

"வடை, பாயசம், கூட்டு எல்லாம் முடிஞ்சிருச்சு. சோறு இருக்கு, ரசம் இருக்கு, ஊறுகா இருக்கு. நீங்க சொன்ன எண்ணிக்கையில வீட்டு ஆளுங்க இல்லையா?"

அதற்குள் அப்பா பின்னால் வந்து நின்றிருந்தார். அண்டாக்களை எட்டிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவர் கால்விரல்களையே பார்த்தேன். இத்தனை வருஷமாக எந்தக் காட்சிக்குப் பயந்தாரோ, அதே வெறும் அண்டா. அதைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தது நான்.

"வந்தவங்கள்ல யாராவது சாப்பிடாமப் போனாங்களா?" என்று அப்பா சமையல்காரரைக் கேட்டார்.

"ஒருத்தருமில்லண்ணே. எல்லாரும் பாயசம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க."

"மேளக்காரங்க?"

"அதோ, சாப்பிடுறாங்க பாருங்க. முழு இலை."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு சிரித்தார். விசேஷங்களில் மற்றவர்களுக்காகச் சிரிக்கும் சிரிப்பு இல்லை அது. "அப்ப இலையப் போடுங்க. பசிக்குதுலா" என்றார்.

பதினான்கு இலை போட்டார்கள். மாமா, "மைனர் போட்ட கணக்குல ரசஞ்சோறு" என்றார். அம்மா முறைத்தார். நான் அப்படியே நின்றபடி அழ ஆரம்பித்தேன். "மை அழியுதுடி, வந்து உக்காரு" என்றார் அம்மா. "மன்னிச்சுக்குங்கப்பா. நம்மள விட்டுட்டேன்" என்றேன்.

"நம்மள யாரும்மா கணக்குல சேப்பா?" என்ற அப்பா, என் கையிலிருந்த கருவியை வாங்கிக்கொண்டார். "எதை அழுத்தணும், இதானே?" வரிசையின் ஒரு முனையிலிருந்து நடந்தார். பெரியப்பாவுக்கு ஓர் அழுத்து, பெரியம்மாவுக்கு ஓர் அழுத்து. மாமாவுக்கு அழுத்தும்போது, "ரசஞ்சோத்துக்கு ரெண்டா அழுத்துங்க மச்சான்" என்றார் மாமா. அம்மாவுக்கு. கடைசியில் எனக்கு. அழுத்திவிட்டுக் கருவியை என் இலை ஓரம் வைத்தார். பக்கத்து இலையில் உட்கார்ந்து கையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்.

நான் எண்ணைப் பார்த்தேன். ஐந்நூற்று அறுபது. இலைகளை ஒரு தடவை எண்ணினேன். பதினான்கு இலை, பதிமூன்று அழுத்து. வரிசை முழுக்க நடந்தவர் தன்னைச் சேர்க்கவே இல்லை.

அவருக்குத் தெரியாமல் கருவியை எடுத்து ஒரு தடவை அழுத்தினேன். அதற்குப் பிறகுதான், ரசத்தை முதலில் அப்பாவுக்கு ஊற்றச் சொன்னேன்.